திரும்பி வந்த தட்டு

மார்கழித் திங்கள் கொங்கு நாட்டில் பனி மிகுந்த திங்களாகும். வைகறையில் வாயில்தோறும் சாணம் தெளித்துக் கோலமிட்டு, அதன் நடுவே பூசணிப்பூ வைப்பர். கோயில்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும். அத்திங்களின் ஒன்பதாம் நாளையோ பத்தாம் நாளையோ ஒட்டி, டிசம்பர் 25ஆம் நாளாகிய கிறிஸ்து பிறப்புப் பெருநாள் வருகின்றது. அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே கோவையிலும் ஈரோட்டிலும் தாராபுரத்திலும் உள்ள கிறித்தவர் இல்லங்களில் பலகார மணம் கமழத் தொடங்கும்.

1830ஆம் ஆண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆடிஸ் பாதிரியார் கோவையில் தங்கிப் பணி தொடங்கினார். கத்தோலிக்கர்க்குரிய கோவை மறைமாவட்டம் 1886இல் அமைந்தது. சென்னையையும் மேலைக் கடற்கரையையும் இணைத்த இருப்புப்பாதை 1862இல் முற்றுப்பெற்றபோது, போத்தனூர் அதன் வழியில் அமைந்தது. நாளடைவில் அங்கே ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல வாழலாயின. இத்தகைய தொடர்புகளால் ஐரோப்பியரின் பண்டிகைப் பலகாரங்கள் கொங்கு நாட்டு அடுக்களைக்கும் அறிமுகமாயின.

அவற்றுள் ஒன்று அச்சு முறுக்கு. அரிசி மாவில் சர்க்கரை, தேங்காய்ப்பால், முட்டை, எள் ஆகியவற்றைச் சேர்த்துத் தோசை மாவினும் சற்று நீர்க்கக் கரைப்பர். பூப்போன்ற இரும்பு அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் முதலில் காய வைப்பர். காயாத அச்சில் மாவு பற்றாது. காய்ந்த அச்சை மாவில் முக்காற்பங்கே அமிழ்த்துதல் வேண்டும். முழுதும் அமிழ்ந்தால் மாவு மேலே மூடிக்கொள்ளும்; முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. அளவறிந்து அமிழ்த்தி எண்ணெயில் இட்டு மெல்ல அசைத்தால், பொன்னிறப் பூவொன்று கழன்று மிதக்கும்.

மற்றொன்று 'குக்கி' எனப்படும் சிறு ரொட்டி. இச்சொல், சிறிய அப்பம் என்னும் பொருளுடைய டச்சு மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்கக் குழைத்து, கோதுமையின் வெள்ளை மாவாகிய மைதாவும் ஏலப்பொடியும் சேர்த்து, விண்மீன் வடிவாகவும் மணி வடிவாகவும் வெட்டிச் சுடுவர். இம்மாவை மிகுதியாகப் பிசைதல் ஆகாது. மாவிலுள்ள புரதம் நீர்பட்டுப் பிசையப் பிசைய இழைகளாகப் பின்னி இறுகும், ரொட்டி கடினமாகிவிடும். வெண்ணெய் அவ்விழைகள் நீளாதவாறு தடுத்து மொறுமொறுப்பை அளிக்கிறது. மின்னடுப்பு இல்லாத காலத்தில், கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, மூடியின் மீதும் தணலை இட்டுச் சுட்டனர்.

இவை முற்றிலும் அயல்நாட்டுப் பொருள்கள் என எண்ணுதல் பொருந்தாது. செருமானியர் கிறிஸ்துமசுக்குச் செய்யும் சிறு பலகாரம் ஒன்றுக்கு 'மிளகுக் கொட்டை' எனப் பொருள்படும் பெயர் வழங்குகிறது. மேல்நாட்டார் தம் பண்டிகை ரொட்டியில் இஞ்சியும் ஏலமும் சேர்ப்பர். மிளகும் இஞ்சியும் ஏலமும் தென்னாட்டு மலைச்சாரல்களின் விளைபொருள்கள் அல்லவா? கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் உரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாடு மேல்நாட்டாரோடு கொண்டிருந்த பழைய வாணிகத் தொடர்புக்கு அவை சான்றாகும். தென்னாட்டிலிருந்து கடல் கடந்த நறுமணப் பொருள், பல நூற்றாண்டுகளுக்குப் பின் பண்டிகைப் பலகாரத்தின் மணமாகத் திரும்பி வந்தது எனலாம். கொடுத்தது ஒரு வடிவில் மீண்டு வருதல் உலகியல்பு.

இவ்வியல்பைத் தெருவளவிலும் காணலாம். பண்டிகையன்று பலகாரம் நிறைந்த தட்டுகள் அயல்வீடுகளுக்குச் செல்லும். தட்டைப் பெற்றோர் அதனை வெறுமையாகத் திருப்புவதில்லை. சிறிது சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ இட்டே கொடுப்பர். தீபாவளியில் அவர்கள் வீட்டுத் தட்டு இங்கு வரும். கொடுப்போரும் பெறுவோர் மனமறிந்து கொடுப்பர். முட்டை உண்ணாத அண்டை வீட்டார்க்கென மாவைத் தனியே கலந்து, புது எண்ணெயில் முதலில் அவர்க்குரியதைச் சுட்டெடுத்த பின்னரே பிறவற்றைச் செய்யும் இல்லங்கள் உண்டு.

போத்தனூரில் அத்தகைய இல்லம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பண்டிகைக்கு முதல்நாள் மாலை, பேத்தி பலகாரங்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். அயல்வீடுகளுக்கு ஐந்து தட்டுகளை நிரப்பினாள். பின்னர்ச் சில குக்கிகளைத் தாளில் பொட்டலமாகக் கட்டினாள். அம்மிச்சி அதனைக் கண்டாள்.

"இது யாருக்குக் கண்ணு?"

"நம் தெருவைக் கூட்டும் அக்காவுக்கு, அம்மிச்சி."

"மற்றவர்களுக்குத் தட்டு, அவளுக்கு மட்டும் தாளா?"

"தட்டைத் திரும்ப வாங்க வேண்டுமே! அவர் வீடு நெடுந்தொலைவில் இருக்கிறது."

"திரும்பி வரட்டும் என்றுதான் தட்டில் கொடுக்கிறோம், கண்ணு. தாளைப் பிரித்து எறிந்தால் இன்றோடு முடிந்தது. தட்டு போனால் அவளும் நமக்கு ஒன்று கொடுக்க இடம் உண்டாகும்."

சிறுமி பொட்டலத்தைப் பிரித்து, அச்சு முறுக்கும் சேர்த்து ஆறாம் தட்டை நிரப்பினாள்.

பெருநாள் கழிந்தது; பொங்கலும் வந்தது. பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் அப்பெண்மணி துணி மூடிய தட்டோடு வாயிலில் நின்றாள். அதில் நான்கு கச்சாயமும் ஒரு கரும்புத் துண்டும் இருந்தன. அவள் உள்ளே வரத் தயங்கினாள். தன் தாய் கொண்டுசென்ற பண்டத்தை வாங்கி, அவள் தலை மறைந்தவுடன் மாட்டுத் தொட்டியில் கொட்டிய வீடுகளை அவள் சிறுவயதில் கண்டிருந்தாள்.

"வா அம்மிணி, இப்படி உட்கார்" என்று அம்மிச்சி அவளைத் திண்ணையில் தன்னருகே அமர்த்தினாள். அவள் பார்த்திருக்கவே ஒரு கச்சாயத்தை எடுத்து உண்டாள். "வெல்லப்பாகு பதமாக வந்திருக்கிறது. என் பேத்திக்கு நீதான் பாகுபதம் சொல்லித்தர வேண்டும்" என்றாள். அப்பெண்மணியின் முகம் மலர்ந்தது. அது வரையில் ஒதுங்கி நின்ற சிறுமியும் ஒரு கச்சாயத்தை எடுத்துக்கொண்டு அவளருகில் அமர்ந்தாள்.

ஈதல் வேறு, பகிர்தல் வேறு. ஈதலில் ஒருவர் கை என்றும் மேலே இருக்கும். மற்றவர் கை என்றும் கீழே இருக்கும். பகிர்தலிலோ கைகள் மாறி மாறி உயரும். வறியோர்க்குக் கொடுப்பது அறம். அவர் கொடுப்பதை விருப்போடு ஏற்று உண்பது அதனினும் அரிய அறம். 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவின் வழியே வருவோரை அருகில் அமர்த்துதல் மக்கள் உள்ளத்தின் கடமையாகும்.

முதிரமலைத் தலைவன் குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், தம் மனைவியை நோக்கி, 'நாளைக்கு வேண்டுமே எனச் சேர்த்து வையாதே, என்னையும் கேளாதே, எல்லார்க்கும் கொடு' என்னும் கருத்துப்படப் பாடினார். அப்பாடல் புறநானூற்றில் உள்ளது. அம்மலை உடுமலைப் பக்கத்தது என அறிஞர் சிலர் கருதுவர். பெற்றவரே கொடுப்பவராயினார், பகிர்தலின் பெருமை அதுவேயன்றோ?

இந்நாளில் கடைகளில் பலகாரப் பெட்டிகள் அழகுற அடுக்கப்பட்டிருக்கின்றன. பெட்டியை வாங்கிக் கொடுத்தல் எளிது. ஆனால் பெட்டி திரும்பி வருவதில்லை. வீட்டில் சுட்டவை சிறிது கருகியிருப்பினும் தட்டில் இட்டுக் கொடுப்போர், அத்தட்டு திரும்பி வரும் நாளையும் எதிர்நோக்கியிருப்பர். அந்நாளில் வாயிலில் நிற்பவர் எவராயினும், அவரை உள்ளே அழைத்து அமர்த்தி, அவர் கொணர்ந்ததை அவர்முன் உண்ணும் இல்லமே பண்டிகையின் பொருளை உணர்ந்த இல்லமாகும்.