வேலையை விடாமல் விமானி ஆகலாமா?

கோலார் தங்கவயல். பொழுது இன்னும் விடியவில்லை. மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் நிற்கிறது. எல்லோரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அதன் பிறகு பல வீடுகளில் அடுப்பு எரிய இந்த ரயில்தான் உதவுகிறது.

இந்த ரயிலில் போகும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவன். கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் தாத்தா சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். பேரனுக்கோ விமானம் ஓட்ட ஆசை.

"நகையை வெச்சுப் பணம் கட்டிடலாம்பா" என்கிறாள் அம்மா.

"இரும்மா. பணம் கடைசியில. முதல்ல உடம்பு தேறுதான்னு பாப்போம்" என்கிறான் மகன்.

மகன் சொல்வதே சரி. ஏன்?

சம்பளத்துக்கு விமானம் ஓட்ட உரிமம் வேண்டும். இதை மத்திய அரசு தருகிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மூன்று படிகள் ஏற வேண்டும்.

முதல் படி, உடல் பரிசோதனை. அரசு ஒப்புதல் பெற்ற டாக்டர் கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார். கண்ணாடி போட்டவரும் தேறலாம். இதில் தேறாவிட்டால் கட்டிய பணம் வீண்.

இரண்டாம் படி, எழுத்துப் பரீட்சை. வானிலை, வழி அறிதல், விமானச் சட்டம், இயந்திரம் ஆகியவை பாடங்கள். கணக்கும் இயற்பியலும் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே ரயிலிலும் இரவிலும் படிக்கலாம்.

மூன்றாம் படி, பறக்கும் பயிற்சி. மொத்தம் 200 மணி நேரம் பறக்க வேண்டும். பணம் இங்கேதான் கரையும். பல லட்சம் ஆகும். நீண்ட விடுப்பும் தேவைப்படும். உரிமம் கிடைத்தாலும் உடனே வேலை கிடைக்கும் என்பது உறுதி இல்லை.

இப்படி உழைத்து வென்றவர் உண்டா? உண்டு. அமெரிக்காவில் பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். பெற்றோர் பருத்திக் காட்டில் உழைத்தவர்கள். பெஸ்ஸி முடிதிருத்தும் கடையில் நகம் சீர் செய்யும் வேலை பார்த்தார். அந்நாட்டு விமானப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. பணம் சேர்த்தார். பிரெஞ்சு மொழி கற்றார். பிரான்சு சென்று 1921-ல் உரிமம் பெற்றார்.

உங்கள் வீட்டிலும் இந்த ஆசை இருக்கலாம். ஆசையைத் தடுக்க வேண்டாம். ஆனால் பயிற்சிப் பள்ளியோ கடன்காரரோ நீட்டும் தாளில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியும். முழுவதும் படியுங்கள். பாதியில் நின்றால் பணம் திரும்புமா? பள்ளியில் எத்தனை விமானங்கள் இப்போது பறக்கின்றன? கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பேசிப் பாருங்கள்

1. மகன் ஏன் பணத்தைக் கடைசியில் வைத்தான்?
2. படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் உங்கள் ஊரில் யாராவது நஷ்டப்பட்டது உண்டா?