பழைய லேப்டாப்பில் எவ்வளவு ரேம் ஏறும்? முழுமையான வழிகாட்டி

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த இயந்திரங்கள் சேவூர் மாதிரி நெசவு ஊர்களிலும் பரணில் கிடக்கும். தறிக்கு பார்டர் டிசைன் போடவோ பிள்ளைகள் படிக்கவோ அதைத் திரும்ப எடுத்தால், முதலில் வரும் யோசனை ரேம் கூட்டுவதுதான். கூட்டலாம், ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன் தடை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதல் படி: இயங்குதளத்தைப் பாருங்கள்

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தால் 2 ஜிபிக்கு மேல் அது தொடாது. மற்ற 32 பிட் விண்டோஸ் 7 எதுவானாலும் 4 ஜிபிதான் எல்லை. இந்தத் தடைக்கு வைத்தியம் சுலபம்: பிராசசர் 64 பிட் என்றால் 64 பிட் லினக்ஸ் போடுங்கள்.

இரண்டாம் படி: சிப்செட்டைக் கண்டுபிடியுங்கள்

லினக்ஸில் டிஎம்ஐடிகோட் என்ற கருவி அதிகபட்ச ரேம் இவ்வளவு என்று ஒரு எண் சொல்லும். அதை அப்படியே நம்பாதீர்கள். பயாஸ் எழுதி வைத்த அட்டவணையைத்தான் அது வாசிக்கிறது, அந்த அட்டவணை பல இயந்திரங்களில் தப்பு. தயாரிப்பாளர் சொல்வதும் சில சமயம் குறைவு: திங்க்பேட் எக்ஸ்220க்கு லெனோவோ சொன்னது 8 ஜிபி, ஆனால் அதில் 16 ஜிபி ஓடும்.

நம்ப வேண்டியது ரேமை ஆளும் சில்லை. ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கி இருந்தால், எந்த அட்டையை மாட்டினாலும் 241ஆவது கொக்கி தூக்காது, சிப்செட்டும் அப்படித்தான். இன்டெல் 945 உள்ள திங்க்பேட் எக்ஸ்60இல் 4 ஜிபி மாட்டினாலும் சுமார் 3 ஜிபிதான் கிடைக்கும். கிராபிக்ஸ், வைஃபை முதலியவற்றுக்கும் அதே 4 ஜிபி முகவரிக்குள் இடம் ஒதுக்க வேண்டும். அதனால் மறையும் ரேமை மேலே நகர்த்தி வைக்க அந்தச் சிப்செட்டுக்கு வழியில்லை.

மூன்றாம் படி: சில்லுகளை எண்ணி வாங்குங்கள்

கடைக்காரர்களே தடுமாறும் இடம் இது. இன்டெல் கோர் வரிசையின் 2ஆம், 3ஆம், 4ஆம் தலைமுறைகள் ஒரு சில்லுக்கு 4 ஜிகாபிட் வரைதான் ஏற்கும். 8 ஜிபி என்பது 64 ஜிகாபிட். ஆகவே 8 ஜிபி ரேம் குச்சியில், இரண்டு பக்கமும் சேர்த்து, 16 கறுப்புச் சில்லுகள் இருக்க வேண்டும். எட்டே சில்லு என்றால் ஒவ்வொன்றும் 8 ஜிகாபிட். விலை குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 16 ஜிபி டிடிஆர்3 குச்சியும் இதே காரணத்தால் இவற்றில் ஓடாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இரு பக்கப் படமும் பார்த்தபிறகே பணம்.

மாட்டும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். மாட்டியபின் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓடட்டும்.

நான்காம் படி: பயாஸை மாற்றினால் ரேம் கூடுமா?

பெரும்பாலும் கூடாது. கோர்பூட்டை ஏதோ பூட்டைத் திறக்கும் மந்திரமாக நினைத்து வருகிறவர்கள் அதிகம். 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மினிச் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கி, 2008இல் கோர்பூட் என்று பெயர் மாறிய, பயாஸுக்குப் பதிலாக வைக்கும் திறந்தமூலத் திட்டம் அது. கோர்பூட்டாலும் 945இன் எல்லையைத் தாண்ட முடியாது.

பிறகு எதற்கு? இயந்திரம் எழும்போது ரேமை எழுப்பும் நிரல் அதில் திறந்து கிடக்கிறது. எக்ஸ்220, எக்ஸ்230க்கு இன்டெலின் மூடிய நிரலுக்குப் பதிலாகவே சொந்த நிரல் எழுதிவிட்டார்கள். எந்த ரேம் ஏன் ஏற்கவில்லை என்பதை ஊகிக்காமல் படித்துத் தெரிந்துகொள்ளலாம்; தயாரிப்பாளர் கைவிட்ட பயாஸுக்குத் திருத்தமும் வரும். லெனோவோ பயாஸ் மறுக்கும் வைஃபை அட்டையும் வேலை செய்யும். எனக்கு இவையே போதுமான காரணம்.

ஐந்தாம் படி: துணிந்தால் மட்டும்

கோர்பூட்டின் ஆதரவுப் பட்டியலில் அதிகம் இருப்பவை திங்க்பேட், குரோம்புக், சில லாட்டிட்யூட், எலைட்புக். உங்கள் மாடல் அதில் இல்லையென்றால் மூன்றாம் படியோடு நின்றுவிடுங்கள். ‘கிட்டத்தட்ட இதே மாடல்’ என்று எதையும் ஏற்றாதீர்கள்.

டெல் லாட்டிட்யூட் இ6400இல், கோர்பூட்டை வைத்து ஆயத்தமாகத் தரும் லிப்ரிபூட்டை, லேப்டாப்பைத் திறக்காமலே ஏற்றலாம். எக்ஸ்230இல் 8 எம்பி, 4 எம்பி என இரண்டு பயாஸ் சில்லுகள். முதல் முறை பெரும்பாலும் சில்லின் மேல் கிளிப் மாட்டித்தான் எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுத மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ பலகையில் ஒரு ஆபத்து உண்டு: 3.3 வோல்ட் சில்லின் தரவுக் கால்களுக்கு அது 5 வோல்ட் அனுப்பும். அதற்குப் பதில் ராஸ்பெரி பை பிகோ நல்லது.

எழுதுவதற்கு முன் பழைய பயாஸை பிளாஷ்ராம் கருவியால் இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் அச்சாக ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாக உட்காரவில்லை. ஒத்துப்போன கோப்பை வேறொரு பென்டிரைவிலும் வையுங்கள்.

தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. போகும்போது லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும், பயாஸ் சில்லின் மேல் அச்சடித்த எழுத்துகளையும் குறித்துக்கொண்டு போங்கள்.