சுழலும் புகையும் எரிபொருட் சிக்கனமும்

காஞ்சீபுரத்தில் ஏரிப்பாசன நெல்லைப் புழுக்கும் அரிசி ஆலைகளுக்கும், பட்டு நூலின் பசையை நீக்கிச் சாயமேற்றும் பட்டறைகளுக்கும் வெந்நீரும் நீராவியும் இன்றியமையாதவை. ஆனால் எரிக்கும் உமி, விறகு இவற்றின் உஷ்ணத்தில் ஒரு பங்கு நீரைச் சேராமலே புகைபோக்கி வழியாக வீணாகிறது. இந்த நஷ்டத்தை முறுக்கிய இரும்புத் தகட்டினால் குறைக்கும் வகையை இங்கே விவரிப்போம்.

வெந்நீரில் கையை அசையாது வைத்தால் சற்றுப் பொறுக்கலாம். அசைத்தால் உடனே சுடும். காரணம் யாதெனில், கையை ஒட்டிய நீர் தன் உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போர்வைபோல் நின்றுவிடுகிறது. அசைத்தால் அப்போர்வை விலகி, புதிய சுடுநீர் தோலைத் தொடுகிறது.

1883-ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்பவர் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயத்தை இழைபோல் விட்டுச் சோதித்தார். நீர் மெதுவாக ஓடியபோது சாய இழை கலையாமல் நேரே சென்றது. வேகம் மிகுந்தபோது கலைந்து குழாய் முழுதும் பரவியது. கலங்கி ஓடும் ஓட்டமே சுவருக்கு உஷ்ணத்தை நன்கு கொடுக்கும்.

புகைக்குழாய்ப் பாய்லரில் குழாய்க்குள் புகையும் வெளியே நீரும் இருக்கின்றன. நீர் உஷ்ணத்தை எளிதில் ஏற்கும். புகையோ எளிதில் கொடாது. ஆகவே சுழற்சி வேண்டுவது புகைப் பக்கத்திலேயாம். முறுக்கிய தகட்டைக் குழாயில் செருகினால், புகை சுழன்று சென்று, நடுவிலுள்ள சூடு ஓரத்தை அடைகிறது. புகைக்குழாய்களில் இவ்வகைத் தகடுகளைச் செருகிச் செய்த சோதனைகள் 1896-ஆம் ஆண்டிலேயே வெளியாயின.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை:

1. தகட்டின் அகலம் குழாயின் உள்விட்டத்திற்குச் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் எளிதில் உருவி எடுக்கலாம்.

2. குழாய் விட்டத்தைப்போல் 4 அல்லது 5 மடங்கு நீளத்திற்கு ஓர் அரைச் சுற்று முறுக்குவது மிதமானது. முறுக்கு நெருங்கினால் உஷ்ணம் அதிகம் கிடைக்கும். புகையின் ஓட்டமும் அதிகம் தடைப்படும்.

3. எல்லாக் குழாய்களிலும் ஒரே விதமாகச் செருகவேண்டும். சிலவற்றில் மட்டும் செருகினால், புகை தடையில்லாத மற்றவற்றையே நாடும்.

4. உமியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். அது குழாயில் படிந்தால் உஷ்ணம் ஏறாது. ஆகையால் தகட்டை அடிக்கடி உருவிக் குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்தல் அவசியம்.

5. புகைபோக்கியின் இழுப்புக் குறைந்து அடுப்பில் புகை திரும்பினால், தகட்டை எடுத்து முறுக்கைத் தளர்த்தவேண்டும். காற்றாடி வைத்து இழுப்பதாயின் அதன் மின்சாரச் செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பலனை அறிய, புகைபோக்கியின் அடியில் உஷ்ணமானி வைத்து முன்னும் பின்னும் அளக்கவேண்டும். புகையின் சூடு 22 சென்டிகிரேடு டிகிரி குறைந்தால் எரிபொருளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு மிஞ்சும் என்பது கைக்கணக்கு. 300 டிகிரிப் புகை 234 டிகிரிக்கு இறங்கினால், 1,000 கிலோ எரிக்குமிடத்தில் சுமார் 30 கிலோ மிஞ்சும். விலை கொடுத்து விறகு வாங்கும் பட்டறைக்கு இது அற்பமன்று.

பட்டுப் பசை கலந்த நீர் ஓடும் குழாய்களில் இத்தகட்டை வைத்தலாகாது. பசை படிந்து அடைத்துக்கொள்ளும். பாய்லரில் எம்மாற்றம் செய்யுமுன்னும் பாய்லர் இன்ஸ்பெக்டரைக் கலந்துகொள்ளுதல் வேண்டும்.