உறைபனிக்கு முன் காய்கறி நிலத்தை ஆயத்தஞ் செய்தல்

நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவலை முதலிய உயர்ந்த இடங்களிற் பயிர் செய்யும் கமக்காரருக்குத் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகள் கவலை தருவன. மாலையிற் பசுமையாக நின்ற உருளைக்கிழங்குப் பயிர், மறுநாட் காலை வெந்நீர் ஊற்றியதுபோல் வாடிக் கறுத்துக் கிடப்பதுண்டு. விதைகிழங்குக்கும் பசளைக்கும் கடன்பட்டவருக்கு இது சிறிய நட்டமன்று. பயிரைக் காக்கும் ஆயத்தங்களிற் பெரும்பாலானவை அவ்விரவுக்கு முன்னரே செய்யப்படவேண்டியவை.

உறைபனி மழைபோல் வானிலிருந்து விழுவதன்று. பகலில் வெயிலாற் சூடேறிய நிலம் இரவில் அச்சூட்டை வெளிவிடுகின்றது. முகில் மூடியிருந்தால் அதில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தை அடையும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின், முகிலும் காற்றுமற்ற இரவுகளில் சூடு தடையின்றி நீங்குகின்றது. அப்போது இலையும் புல்லும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அவற்றின்மேற் படியும் ஈரம் உறைகின்றது. ஆளுயரத்திலுள்ள வெப்பமானி 3 அல்லது 4 பாகை செல்சியசைக் காட்டும்போதே நிலத்தையொட்டிய புல்லில் வெண்பனி காணப்படலாம்.

ஆகவே, பகலில் மண் எவ்வளவு சூட்டைச் சேமிக்கின்றதோ அவ்வளவு இரவிற் பயிருக்குத் துணையாகும். ஈரமான, இறுகிய மண் சூட்டை நன்கு சேமிக்கும். புதிதாகக் கொத்திய மண்ணிற் காற்று நிறைந்திருப்பதால் அது அவ்வாறு சேமிப்பதில்லை. களையெடுத்தல், மண் அணைத்தல் ஆகிய வேலைகளைக் குளிர் இரவுகள் தொடங்குமுன்னரே முடித்து, மண் படிய இடங்கொடுத்தல் வேண்டும். வானம் தெளிந்து காற்று அடங்கும் நாளில், முற்பகலிலேயே பாத்திகளுக்கு நீர் பாய்ச்சுதல் நன்று. நீர் தேங்க விடலாகாது, கிழங்கு அழுகும்.

வரப்பிலும் நடைபாதையிலும் வளர்ந்த புல்லை ஒட்ட வெட்டிவிடுதல் வேண்டும். உயர்ந்த புல் வெயில் மண்ணிற் படுவதைத் தடுப்பதோடு, தானும் விரைவிற் குளிர்கின்றது. உறைபனி முதலிற் புற்றரையிற் தோன்றுவது இதனாலேயே. பனி உறைந்த புல்லை மிதித்தால் மிதித்த இடம் கறுத்துவிடும்.

பயிருக்குச் சூடு கிடைக்குமென எண்ணி மானாப்புல்லை வரிசைகளுக்கிடையே பரப்புவோர் பலர். மழைக்கும் வரட்சிக்கும் இது ஏற்றதாயினும் உறைபனிக் காலத்திற்கு ஏற்றதன்று. பரப்பிய புல் பகலில் மண் சூடேறுவதைத் தடுக்கும். இரவில் மண்ணின் சூடு இலையை அடையவும் விடாது. அதே புல்லைத் தடிகளின்மேற் பந்தலாக இட்டுச் செடிகளை இரவில் மூடிக் காலையில் நீக்கினால் நன்மையுண்டு. நாற்றுமேடைகளுக்கு இம்முறை சாலவும் பொருந்தும். பெரிய நிலத்திற்கு ஆட்கூலி கட்டுப்படியாகாது.

குளிர்ந்த காற்று பாரமானது. அது நீரைப்போற் சரிவில் இறங்கிப் பள்ளத்திற் தேங்கும். அத்தகைய பள்ளங்களில் இக்காலத்திற் போஞ்சி, உருளைக்கிழங்கு, தக்காளி என்பவற்றைத் தவிர்த்துக் கோவா, லீக்ஸ், கரட் போன்ற குளிரைத் தாங்கும் பயிர்களை இடலாம். நிலத்தின் கீழ்ப்பக்கத்தில் அடர்ந்த வேலியிருந்தால் அது அணைபோற் குளிர்காற்றை மறித்து வைக்கும். அதன் அடிக்கிளைகளை வெட்டிக் காற்றுச் செல்ல வழிவிடுதல் வேண்டும். மேற்பக்கத்து வேலியை வெட்டலாகாது. அது குளிர்காற்றை ஓரளவு விலக்குகின்றது.

யூரியாவை மிகுதியாக இட்டால் இளந்தளிர் பெருகும். உறைபனி முதலிற் தாக்குவது அத்தளிரையே. மேற்பசளையை மண்ணின் தேவைக்குமேல் இடாதிருத்தல் வேண்டும்.

இலையிற் படிந்த பனியைச் சூரியன் உதிக்குமுன் நீர் தெளித்துக் கழுவுதல் மலைநாட்டு வழக்கம். தொடங்கினால், பனி முற்றாகக் கரையும்வரை தெளித்தல் வேண்டும். இடையில் நிறுத்தினால் ஈர இலை மேலும் குளிர்ந்து கேடு மிகும். உள்ளே உறைந்து சிதைந்த இலையை இம்முறை மீட்காது.

கருகிய பயிரை அன்றே பிடுங்குதல் தவறு. சில நாள் பொறுத்துத் தண்டின் அடியைக் கீறிப் பார்த்தல் வேண்டும். அங்கு பசுமை இருந்தால் உருளைக்கிழங்கு மீண்டும் தளிர்க்கக்கூடும். தண்டு முழுவதும் செத்திருந்தால், இரண்டொரு செடியைத் தோண்டிக் கிழங்கின் பருமனைக் கண்டபின் அறுவடையைத் தீர்மானிக்கலாம்.