ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள்

பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில், 1991-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பல்கலைக்கழக மாணவர் ஒரு கணினி வாங்கினார். அதன் நினைவகம் 4 மெகாபைட் அளவினதே. அக்கணினியில் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை அவர் அமைத்துக்கொண்டார். கணினியின் உறுப்புகளை ஆண்டு, ஏனைய நிரல்கள் தொழிற்பட இடந்தரும் அடிப்படை நிரல்தொகுதியே இயங்குதளம் எனப்படும். மினிக்ஸோடு மனம் நிறைவுறாத அவ்விளைஞர், அதன் துணைகொண்டே புதியதோர் இயங்குதளத்தை இயற்றலானார். அதுவே லினக்ஸ். பிறந்த நாள்தொட்டே அது பிறிதோர் இயங்குதளத்தின் அண்டை வீட்டில் குடியிருந்தது எனலாம்.

அக்குடியிருப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசி வழியே தொடர்புகொள்ள எண்ணிய டோர்வால்ட்ஸ், தொலைபேசி இணைப்புக் கருவியின் பெயரைக் குறிக்க வேண்டிய இடத்தில் வன்வட்டின் பெயரைக் குறித்துவிட்டார். தொலைபேசிக்குச் செல்லவேண்டிய ஆணைகள் மினிக்ஸ் இருந்த பகுதியின்மேல் எழுதப்பட்டன, மினிக்ஸ் அழிந்தது. கணினிக்கு அவ்விரண்டும் இரு பெயர்களேயன்றி, ஒன்று விலைமதிப்பற்றது, மற்றொன்று அன்று என்னும் வேற்றுமை தெரியாது. இழந்ததை மீண்டும் நிறுவாமல், லினக்ஸையே தனித்து இயங்கவல்லதாக அவர் வளர்த்தார். அவருக்கு அது ஆக்கமாயிற்று. ஆனால் தேர்வுக் குறிப்புகளும், குடும்பத்தாரின் நிழற்படங்களும், தந்தையாரின் கணக்குகளும் ஒரே வட்டில் இருக்கும் வீட்டில் அத்தகைய பிழை நேரின் அதனை ஆக்கம் என்பார் யார்?

ஆதலின், விண்டோஸ் உள்ள கணினியில் லினக்ஸைப் பழக விரும்பும் மாணவர், முதற்கண் தம் கோப்புகளுக்கு வேறொரு வட்டில் படியெடுத்து, அவ்வட்டைக் கணினியினின்றும் கழற்றி வைத்தல் வேண்டும். படி சரிவரத் திறக்கின்றதா என்று பார்த்தலும் இன்றியமையாதது. திறந்து பாராத படி, எண்ணிப் பாராத பணமுடிப்பை ஒக்கும்.

பின்னர், வட்டில் எதனையும் மாற்றாமலே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். உபுண்டு போன்ற லினக்ஸ் வகையொன்றை அதற்குரிய தளத்திலிருந்து இறக்கி, ஒரு பென்டிரைவில் எழுதி, அதனைக் கொண்டே கணினியைத் தொடங்குதல் கூடும். அப்பொழுது லினக்ஸ் நினைவகத்தில் தங்கி இயங்கும்; விண்டோஸ் தன் இடத்தில் உறங்கிக் கிடக்கும். ஒலி கேட்கின்றதா, வலையிணைப்புக் கிடைக்கின்றதா, தமிழ் எழுத இயலுகின்றதா என்பனவற்றை இந்நிலையிலேயே அறிந்துகொள்ளலாம். பென்டிரைவில் எழுதும்பொழுது அதிலிருந்தன யாவும் அழியும். எழுதும் நிரலில் பென்டிரைவுக்கு மாறாக வேறொரு வட்டைச் சுட்டினால் அது அழியும். ஹெல்சிங்கியில் நேர்ந்த பிழை இன்றும் நேர்வது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். பெயரையும் கொள்ளளவையும் இருமுறை ஒப்பிட்ட பின்னரே இசைவு தருதல் வேண்டும். விண்டோஸினுள்ளேயே மெய்ந்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து அதில் லினக்ஸை இயக்குதலும் உண்டு. சற்று மெதுவாக இயங்கினும் அதுவும் தீங்கற்றதே.

இவற்றால் நிறைவுறாதார் மட்டுமே வட்டைப் பகுத்தல் தகும். விண்டோஸின் பகுதியை, விண்டோஸிலேயே உள்ள வட்டு மேலாண்மைக் கருவியால் சுருக்குதல் நன்று. உபுண்டுக்கு 25 கிகாபைட் இடமேனும் வேண்டும். வட்டு பிட்லாக்கர் என்னும் மறையீட்டால் பூட்டப்பட்டிருப்பின், 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவுகோலை முன்னரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அஃதின்றேல் சொந்த வீட்டின் வாயிலில் அயலாராய் நிற்க நேரும். விரைவுத் தொடக்கம் என்னும் வசதியையும் நிறுத்திவிடுதல் வேண்டும். அது விண்டோஸை முற்றும் அணைக்காமல் அரைத்துயிலில் வைப்பதாகலின், அந்நிலையில் அதன் பகுதியில் லினக்ஸ் எழுதப் புகுந்தால் கோப்புகள் சிதையக்கூடும். நிறுவும்பொழுது, விண்டோஸுடன் சேர்த்து நிறுவுதல், வட்டு முழுவதையும் அழித்து நிறுவுதல் என்னும் இரு வழிகள் அடுத்தடுத்துத் தோன்றும். விரைந்து கடக்கத்தக்க பக்கம் அன்று அது.

இவ்வாறு இரண்டும் கூடி வாழ்தல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்க்கு வழங்கிய கணினிகளில், விண்டோஸுடன் சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது.

நிறுவி முடித்தபின், கணினியைத் தொடங்குந்தோறும் எதனுள் புகுவது என்று வினவும் பட்டியல் ஒன்று தோன்றும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பியவர், கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கக் கண்டு அஞ்சுவதுண்டு. கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதே அதன் காரணம். உள்ளூர் நேரத்தையே கொள்ளுமாறு லினக்ஸுக்கு ஓர் ஆணை இட்டால் இரண்டும் ஒரே மணியைக் காட்டும்.