பாதியில் நிற்கும் புராஜெக்ட்டைப் பகிரப் பயனுள்ள குறிப்புகள்

மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கைபேசியில் காட்டும் கருவியை ஒரு முறையாவது செய்து பார்க்காத எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர் குறைவு. அவற்றில் பல முக்கால்வாசியில் நின்றுவிடும். "முடிஞ்சதும் எல்லாத்தையும் எழுதிப் போட்டுடறேன்" என்பார்கள். முடிவதும் இல்லை, எழுதுவதும் இல்லை. வேலை நடக்கும்போதே, இருக்கிற நிலையில் பகிர நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். தொட்டிக் கருவியையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

1. ரீட்மி கோப்பின் தொடக்கத்திலேயே நிலவரத்தைச் சொல்லிவிடுங்கள். 'பாதிதான் முடிந்திருக்கிறது' என்றால் எந்தப் பாதி என்று படிப்பவருக்குத் தெரியாது. "நீர்மட்டம் அளப்பது சரியாக வேலை செய்கிறது. வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது. மோட்டாரை நிறுத்தும் பகுதியை இன்னும் தொடங்கவில்லை." இப்படி மூன்று வரி, பக்கத்தில் தேதி. 'விரைவில் வரும்' என்று மட்டும் எழுத வேண்டாம், யாரும் நம்புவதில்லை.

2. எதை எங்கே இணைத்தீர்கள் என்பதோடு ஏன் என்பதையும் எழுதுங்கள். மற்ற குறிப்புகளை விட்டாலும் இதை விடாதீர்கள். நீர்மட்டம் அளக்கும் சென்சாரைப் பற்றி 'எக்கோ வயர் ஜிபிஐஓ 34-இல்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். படிப்பவர் தன் வசதிக்கு டிரிக்கர் வயரை 35-க்கு மாற்றுவார். சென்சார் வாயே திறக்காது. காரணம், இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் 34 முதல் 39 வரையுள்ள பின்கள் சிக்னலை வாங்கும், வெளியே அனுப்பாது. எக்கோ உள்ளே வருவது, டிரிக்கர் வெளியே போவது. இன்னொன்று: எச்சி-எஸ்ஆர்04 சென்சார் 5 வோல்ட்டில் ஓடும்போது எக்கோவிலும் 5 வோல்ட் வரும். இஎஸ்பி32 தாங்குவதோ 3.3 வோல்ட். அதனால்தான் எக்கோ வயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வைக்கிறோம். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், "இது எதுக்கு வீணா?" என்று யாராவது அந்த இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். இந்தக் காரணங்களெல்லாம் இன்று மனதில் இருக்கும், ஆறு மாதம் கழித்து உங்களுக்கே மறந்திருக்கும்.

3. வேலை செய்யாமல் போன வழிகளை அழிக்காதீர்கள். 'செய்து பார்த்தது, சரிவரவில்லை' என்று ஒரு தனிப் பகுதி வையுங்கள். திறந்த சென்சார் தொட்டியின் ஈரத்தில் துருப்பிடித்ததா? எழுதுங்கள். தண்ணீர் புகாத ஜேஎஸ்என் வகைக்கு மாறினீர்களா? அதன் குறையையும் எழுதுங்கள்: அதற்கு 20 சென்டிமீட்டருக்கும் அருகில் இருப்பது சரியாகத் தெரியாது. மூடியை ஒட்டி மாட்டினால் தொட்டி நிறையும் நேரத்தில்தான் தவறான அளவு காட்டும். முடிந்த புராஜெக்ட்டுகளின் பளபளப்பான ஆவணத்தில் கிடைக்காத சரக்கு இதுதான்.

4. வயர்களைக் கழற்றும் முன் படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. எடுத்த படத்தில் இருப்பிடத் தகவல் ஒட்டியிருந்தால் நீக்கிவிட்டு ஏற்றுங்கள். படம் போட்டுவிட்டோமே என்று சர்க்யூட் வரைபடத்தை விட்டுவிட வேண்டாம். காகிதத்தில் பேனாவால் வரைந்ததே போதும்.

5. பிறர் திருத்தக்கூடிய மூலக் கோப்பைக் கொடுங்கள். பெட்டிக்கு எஸ்டிஎல் கோப்பு மட்டும் தந்தால் அச்சடிக்கலாம், அளவை மாற்றுவது பெரும்பாடு. ஃப்ரீகேட் கோப்பையும் சேர்த்துப் போடுங்கள். போர்டு வரைந்திருந்தால் கெர்பரோடு கிகேட் கோப்பும் வேண்டும்.

6. பாகப் பட்டியலில் மாடல் எண், லைப்ரரி என்றால் பதிப்பு எண். இஎஸ்பி32-க்கான ஆர்டுயினோ மென்பொருள் 2024-இல் 3.0 பதிப்புக்கு மாறியபோது, எல்இடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சில பழைய கட்டளைகளே நீக்கப்பட்டன. அந்தக் கட்டளைகளைப் பயன்படுத்திவிட்டுப் பதிப்பு எண் எழுதாதவரின் நிரல், புதிய பதிப்பு வைத்திருக்கும் பிறர் கணினியில் கம்பைல் ஆவதில்லை.

7. உரிமத்தை முதல் நாளே போடுங்கள். உரிமம் எதுவும் இல்லையென்றால் 'எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று பொருள் இல்லை. பதிப்புரிமைச் சட்டப்படி அது உங்களுடையது, பிறர் பார்க்கலாம், தொட முடியாது. நிரலுக்கு எம்ஐடி அல்லது ஜிபிஎல், எழுத்துக்கும் படத்துக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ், வன்பொருளுக்கு செர்ன் உரிமம்.

8. வைஃபை கடவுச்சொல் நிரலுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பு கிட்டில் ஏறாதபடி தடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால் அழித்துப் பயனில்லை, பழைய பதிவுகளில் இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.

9. 230 வோல்ட் தொடும் பகுதிக்கு மட்டும் 'அரைகுறை' என்ற சலுகை கிடையாது. சோதிக்காத மின் இணைப்பை 'செய்து பாருங்கள்' என்று பகிராதீர்கள். நீல நிறச் சிறிய ரிலேயில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி 1 எச்பி மோட்டாரை நேரடியாக மாட்டுகிறார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு நிரல் 'நிறுத்து' என்றாலும் மோட்டார் நிற்காது. நடுவில் கான்டாக்டர் வேண்டும் என்பதைச் சிவப்பு எழுத்தில், மேலேயே போடுங்கள்.

10. காப்புரிமை வாங்கும் எண்ணம் துளியாவது இருந்தால் முதலில் விண்ணப்பம், பிறகு பகிர்வு. இந்தியாவில் பொதுவாக, முன்பே வெளியிட்டதற்குக் காப்புரிமை கிடைக்காது.

11. உதவியைக் குறிப்பாகக் கேளுங்கள். 'கருத்துச் சொல்லுங்கள்' என்றால் 'சூப்பர்' என்றுதான் வரும். 'மூடியில் சென்சாரை எவ்வளவு உயரத்தில் மாட்டலாம்?' என்று கேட்டால் விடை வரும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தன் லினக்ஸ் இயங்குதளம் தயாராகும் முன்பே, மினிக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரிடம் எந்த வசதிகள் வேண்டும் என்று கேட்டார். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-இல் தொடங்கிய ரெப்ரேப் 3டி பிரிண்டரும் அப்படித்தான். வடிவமைப்பு திறந்தே கிடந்ததால்தான், அதன் 'மெண்டல்' மாதிரியைச் செக் நாட்டு ஜோசப் புருஷா 2010-இல் எளிமையாக்க முடிந்தது. இன்று புருஷா பிரிண்டர் உலகமெங்கும் விற்கிறது.

12. தமிழிலேயே எழுதலாம். பின் பெயர்களையும் பாக எண்களையும் மட்டும் போர்டில் அச்சிட்டபடியே விட்டுவிடுங்கள். அகராதி பார்த்துச் சொல்லாக்கம் செய்தால் தேடுபவருக்கு அகப்படாது.

13. கைவிட்டுவிட்டீர்களா? அதையும் எழுதிவிடுங்கள். 'இந்தத் தேதியோடு நிறுத்திவிட்டேன், விரும்புபவர் தொடரலாம்' என்று ஒரு வரி சேர்த்து, கிட்ஹப்பில் 'ஆர்க்கைவ்' செய்துவிடுங்கள். அதன் பிறகும் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், நகலெடுத்து வேலையைத் தொடரலாம். கேள்விகளும் உங்களைத் தேடி வராது.