ஒலிபரப்பத் துணிந்த மருமானுக்கு

மயிலாப்பூர், சென்னை

சிரஞ்சீவி மருமானுக்கு,

தியாகராஜ ஆராதனையன்று ராமகிருஷ்ணபுரத்து மண்டபத்தில் நடக்கவிருக்கும் கச்சேரியை, தை மாதக் குளிரில் வாசற்படி தாண்ட இயலாத தில்லிவாழ் பெரியவர்கள் இருந்த இடத்திலிருந்தே கேட்கும்படி, லினக்ஸ் கணினியில் ஒலிபரப்பு சர்வர் ஒன்றை அமைக்கப்போவதாக நீ எழுதியதைப் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். எந்த மென்பொருளை நிறுவுவது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்பாக எத்தனை பேர் கேட்பார்கள் என்பதை நீ நிர்ணயித்தாக வேண்டும்.

1936 ஜனவரி முதல் தேதி தில்லி வானொலி நிலையம் பேசத் தொடங்கிய காலத்திலிருந்து, கேட்பவர் தொகையைப் பற்றிய கவலை ஒலிபரப்புகிறவனுக்கு இருந்ததில்லை. சரோஜ் நாராயணசுவாமி தில்லியிலிருந்து வாசித்த தமிழ்ச் செய்தியை நம் ஊர் நிலையங்கள் அஞ்சல் செய்தபோது, கேட்டவர் ஆயிரம் பேரானாலும் லட்சம் பேரானாலும் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு ஆன மின்சாரம் ஒன்றுதான். இணையத்திலோ, வருகிற ஒவ்வொரு நேயருக்கும் உன் சர்வர் தனித்தனியாக ஒரு பிரதியை அனுப்பியாக வேண்டும். விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் 100 பேருக்கு அனுப்பினால் 6.4 மெகாபிட் வெளியே போகும். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு ஏறக்குறைய 8.6 ஜிகாபைட் செலவாகும். வீட்டு இணைப்புகள் பலவற்றில் வெளியிலிருந்து அணுகத்தக்க தனி முகவரியும் இராது. ஆதலால் மாத வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சிறு சர்வரை எடுத்துக்கொள்வதே உசிதம்.

வாடகைக் கணினியில் டெபியன் இருக்கட்டும். அதன் களஞ்சியத்திலேயே கிடைக்கும் ஐஸ்காஸ்ட் என்ற இலவச மென்பொருள் உன் காரியத்துக்குப் போதும். நிறுவும்போதே அது கடவுச்சொற்களைக் கேட்கும். அலட்சியமாக எண்டர் பொத்தானைத் தட்டிக்கொண்டே போனால், உலகம் முழுவதற்கும் தெரிந்த ‘ஹேக்மீ’ என்ற சொல்லே நிலைத்துவிடும். பிறகு எவனோ ஒருவன் உன் அலைவரிசையில் தன் பாட்டை ஏற்றிவிட்டால் நீ யாரிடமும் முறையிட முடியாது. அமைப்புக் கோப்பில் நேயர் வரம்பு 100 என்றுதான் முதலில் இருக்கும். நீ போட்ட கணக்கைப் பார்த்து அதை மாற்று. 8000 என்ற போர்ட்டை ஃபயர்வாலில் திறந்து வை. ஐஸ்காஸ்டை ரூட் அதிகாரத்தில் ஓட்டாதே. அதற்கென்று டெபியன் உண்டாக்கித் தரும் சாதாரணப் பயனர் இருக்கிறார்.

மண்டபத்து மிக்ஸரிலிருந்து வரும் ஒலியை மடிக்கணினியில் வாங்கி, டார்க்ஐஸ் என்ற நிரலால் எம்பி3 ஆக்கி சர்வருக்கு அனுப்பு. 64 கிலோபிட்டை இரு தடங்களுக்குப் பங்கிட்டால் தம்புராவின் நாதம் கரகரத்துப் போகும். ஒரே தடமாக அனுப்பினால் சுருதி சுத்தமாக நிற்கும். புதிதாக வரும் நேயருக்கு ஐஸ்காஸ்ட் சுமார் 64 கிலோபைட் பழைய ஒலியை முதலில் ஒரேயடியாகக் கொடுத்துவிடுகிறது. உன் வேகத்தில் அது எட்டு விநாடிச் சங்கீதம். பாட்டு தாமதமின்றித் தொடங்குவதற்கும், இடையில் இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் அறுந்துபோகாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். ஆனால் மண்டபத்தில் கரகோஷம் அடங்கிய பிறகுதான் வீட்டிலிருப்பவருக்கு அது கேட்கும். தாமதத்தைக் கண்டு நீ பதற வேண்டாம்.

பரீட்சித்துப் பார்க்கையில் மண்டபத்து வைஃபையை நம்பாதே. கைபேசியில் அதை அணைத்துவிட்டு, வேறோர் இணைப்பு வழியாகக் கேள். ஒத்திகையை ஒரு வாரம் முன்னதாக, கச்சேரி நடக்கும் அதே மாலை வேளையில் வைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று. தியாகையரின் கிருதிகள் யாவருக்கும் பொதுவென்றாலும், அவற்றைப் பாடுகிறவரின் பாட்டு அவருக்கே உரியது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் கலைஞருக்கு அந்த உரிமையை அளிக்கிறது. வித்வானிடமும் பக்கவாத்தியக்காரர்களிடமும் எழுத்து மூலம் சம்மதம் வாங்கிய பிறகே பொத்தானை அழுத்து. அவர்களைப் போய்ப் பார்க்கும் வேலையை இந்த வாரமே தொடங்கு. சர்வர் ஒரே மாலையில் தயாராகிவிடும், சம்மதம் அப்படியல்ல.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா